ஓடுகிற குதிரையும் கிழிந்த துணியும்

அரபியில் ஒட்டகத்துக்கு மட்டும் ஆயிரம் சொற்கள் உண்டு என்று யாராவது சொல்லக் கேட்டிருப்பீர்கள். சிங்கத்துக்கு ஐந்நூறு, தேனுக்கு எண்பது, வாளுக்கு ஐம்பது என்று கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். கேட்டதும் ஒன்று "அடேயப்பா" என்போம், இல்லையென்றால் "சும்மா அளக்கிறார்கள்" என்போம். இரண்டுமே சொற்களைத் திறந்து பார்க்காமல் சொல்வதுதான்.

இந்தச் சண்டை புதிதும் இல்லை. பத்தாம் நூற்றாண்டில் அலெப்போவை ஆண்ட ஸைஃபுத்தவ்லாவின் சபையில் இரண்டு பெரிய புலவர்கள் இருந்தார்கள். ஒருவர் இப்னு காலவைஹி, மற்றவர் அபூ அலீ அல்ஃபாரிஸீ. "வாளுக்கு ஐம்பது பெயர் எனக்கு மனப்பாடம்" என்றார் முதலாமவர். "எனக்கு ஒன்றுதான் தெரியும், ஸைஃப்" என்று சிரித்தார் இரண்டாமவர். அப்படியானால் முஹன்னத், ஸாரிம் எல்லாம் என்னவாம்? "அவை பெயர்கள் இல்லையே, குணங்கள்" என்பது அபூ அலீயின் பதில். அவர் சொன்னது சரிதான். முஹன்னத் என்றால் இந்திய எஃகில் செய்த வாள். ஸாரிம் என்றால் வெட்டித் துண்டாக்குவது. நாம் "கூர்வாள்", "கொடுவாள்" என்பது போல. ஒரே வித்தியாசம், அரபியில் பெயரைத் தூக்கிவிட்டுக் குணத்தை மட்டும் சொன்னாலே போதும், பொருள் புரிந்துவிடும்.

ஆக, "எத்தனை சொல்" என்பது நல்ல கேள்வி இல்லை. "எதையெல்லாம் கவனித்தார்கள், யார் கவனித்தார்கள்" என்பதுதான் கேள்வி. பிழைப்புக்காக லக்னோ வந்து, உருது எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகிய பிறகு, பழைய அரபி அகராதிகளைப் புரட்டுவது எனக்கு ஒரு பொழுதுபோக்காகிவிட்டது. அதில் இரண்டு வகைச் சொற்கள் மட்டும் திரும்பத் திரும்ப என்னை நிறுத்தின. ஒன்று, வேகமாக ஓடும் விலங்குகளுக்கான சொற்கள். இன்னொன்று, நைந்து கிழிந்த துணிக்கான சொற்கள். இவற்றுக்குள் என்ன உறவு என்று தோன்றும். இருக்கிறது, சொல்கிறேன்.

முதலில் குதிரை.

நிஷாப்பூரில் ஸஆலிபீ (961-1038) என்று ஒருவர் இருந்தார். நரித்தோல் தைக்கும் தொழிலால் அந்தப் பெயர் வந்தது என்பார்கள். அரபியில் ஸஅலப் என்றால் நரி. அவர் எழுதிய "ஃபிக்ஹுல் லுகா" என்ற நூல் நம் நிகண்டுகளைப் போலப் பொருள்வாரியாகச் சொற்களை அடுக்கியது. அதில் குதிரைகளைப் பற்றி ஒரு சின்னப் பகுதி வருகிறது: தண்ணீரின் குணங்களிலிருந்து எடுத்த குதிரைப் பெயர்கள்.

நிறைய ஓடக்கூடிய குதிரை கம்ர். பெருகிக் கிடக்கும் தண்ணீருக்கு அந்தப் பெயர். வேகமாக ஓடுவது யஅபூப். அது விரைந்தோடும் வாய்க்காலின் பெயர். ஓர் ஓட்டம் முடிந்ததும் அடுத்த ஓட்டத்துக்குத் தெம்பு ஊறிக்கொண்டே இருக்கும் குதிரை ஜமூம். இறைக்க இறைக்க ஊறும் கிணற்றுக்கு அதுதான் பெயர். விடாமல் ஓடுவது மிஸஹ், கொட்டும் மழையிலிருந்து வந்தது. இலேசாக, ஒழுக்காக ஓடுவது ஸக்ப், அதாவது ஊற்றுவது. நபிகளின் குதிரை ஒன்றின் பெயரே ஸக்ப்தான். இதற்கெல்லாம் மேலே, ஓட்டம் தீராத குதிரை பஹ்ர். பஹ்ர் என்றால் கடல்.

கடைசிச் சொல்லுக்குப் பின்னால் ஒரு ஹதீஸ் இருக்கிறது. மதீனாவில் ஓர் இரவு ஏதோ சத்தம் கேட்டு ஊரே கலங்கியது. நபிகள், மந்தமானது என்று பெயர் வாங்கியிருந்த அபூ தல்ஹாவின் குதிரையில் சேணம்கூட இல்லாமல் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை என்று திரும்பி வந்தார். வந்தவர் அந்தக் குதிரையைக் கடல் என்று சொன்னார். குதிரையைக் கடல் என்று முதலில் சொன்னவர் அவரே என்பது ஸஆலிபீயின் குறிப்பு.

தண்ணீரே இல்லாத மண்ணில் வேகத்துக்குத் தண்ணீரின் பெயர்! காவிரிக்கரைக்காரனுக்கு இது தோன்றியிருக்காது. கிணறு ஊறுமா ஊறாதா என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பார்த்தவனுக்குத்தான், ஒரு குதிரையின் தெம்பைப் பார்த்தவுடன் ஊறும் கிணறு ஞாபகம் வரும்.

பந்தயத்துக்கும் தனிச் சொற்கள் உண்டு. பத்துக் குதிரை ஓடினால் பத்துக்கும் பெயர். முதலில் வருவது முஜல்லீ, சொந்தக்காரனின் கவலையைத் தீர்ப்பது. இரண்டாவது முஸல்லீ. அதன் தலை, முன்னால் போகும் குதிரையின் இடுப்போடு ஒட்டி வருவதால் அந்தப் பெயர். (தொழுகையாளிக்கும் இதே சொல்தான்.) நான்காவது தாலீ, பின்தொடர்வது. பின்வரிசையில் வருகிற ஒன்று முஅம்மல், அதாவது நம்பி எதிர்பார்க்கப்பட்டது. பாவம்! அதற்கும் பின்னால் லதீம், கன்னத்தில் அறை வாங்கியது. கடைசியில் வருவது ஸுக்கைத், வாயை மூடிக்கொண்டது. நடுவில் உள்ள பெயர்களின் வரிசை நூலுக்கு நூல் கொஞ்சம் மாறும். எனக்குப் பிடித்தது, தோற்ற குதிரைக்கும் பெயர் வைத்த அந்த அக்கறைதான்.

ஒட்டகத்துக்கு வந்தால், வேகமான பெண் ஒட்டகம் நாஜியா. காப்பாற்றுவது, தப்பிக்க வைப்பது என்று பொருள். வேகம் என்பது அங்கே உயிர் பிழைப்பது. ஹவ்ஜா என்றால் கூடாரங்களைப் பிடுங்கி எறியும் காற்று. அப்படிக் கண்மண் தெரியாமல் ஓடும் ஒட்டகமும் ஹவ்ஜாதான்.

இனி துணி.

கலக் என்றால் பழசாகி இழை மழுங்கிய துணி. ஸமல் என்றாலும் நைந்த துணி. ஸமலா என்று ஒரு ஈற்றை மாற்றினால், தொட்டியின் அடியில் மிச்சம் கிடக்கும் கொஞ்சம் தண்ணீர். இங்கேயும் தண்ணீர்! ஹித்ம் என்பது ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு இற்றுப்போன உடை. கட்டடத்தை இடிப்பதற்கு உள்ள சொல்லிலிருந்து வருகிறது. ஜர்த் என்பது மேற்பூ உதிர்ந்து மொட்டையான துணி. ஸஹ்க் என்பது தேய்ந்து தேய்ந்து மெலிந்தது. ரஆபீல் என்றால் நார்நாராகக் கிழிந்தது. திம்ர் என்றால் பொதுவாகக் கந்தல்.

பழசானதற்கெல்லாம் ஒரே சொல்லைப் போட்டுவிடக் கூடாது என்பதிலும் கவனமாக இருந்திருக்கிறார்கள். பழந்துணி திம்ர் என்றால், பழைய தோல் தண்ணீர்ப்பை ஷன்ன். இற்ற எலும்பு ரிம்மா. நைந்த கயிற்றுத்துண்டு ரும்மா. பழங்குடிக் கவிஞர்களில் புகழ்பெற்ற ஒருவரின் பட்டப்பெயரே துர்ரும்மா (இறப்பு 735), "நைந்த கயிற்றுக்காரர்".

இலக்கணக்காரர்களுக்குப் பிடித்த ஒரு விஷயமும் இங்கே உண்டு. துணி ஒன்றுதான், ஆனால் அதற்கு அடைமொழி பன்மையில் வரும்: ஸவ்ப் அக்லாக். "கந்தல்களான ஒரு துணி" என்று சொன்னால் தமிழில் உதைக்கும். அவர்கள் விளக்கம் என்னவென்றால், துணியின் ஒவ்வொரு பகுதியும் தனித்தனியாகக் கந்தலாகிவிட்டது, ஆகவே பன்மை! இந்த அக்லாக் என்ற சொல்லை லக்னோவில் தினமும் கேட்கலாம். இங்கே அதற்கு நல்ல நடத்தை, பண்பு என்று பொருள். "அவருக்கு அக்லாக் உண்டு" என்றால் பெரிய பாராட்டு. குலுக் (குணம்) என்பதன் பன்மையும் அக்லாக், கலக் (கந்தல்) என்பதன் பன்மையும் அக்லாக். எழுத்தில் ஒரு வித்தியாசமும் கிடையாது.

இப்போது உறவுக்கு வருவோம்.

அரபிச் சொற்கள் பெரும்பாலும் மூன்று மெய்யெழுத்துகளைக் கொண்ட வேரிலிருந்து கிளைப்பவை. உயிரெழுத்தை மாற்றி, முன்னும் பின்னும் ஒட்டுச் சேர்த்து ஒரு குடும்பத்தையே உண்டாக்கிவிடலாம். எட்டாம் நூற்றாண்டில் பஸ்ராவில் இருந்த அல்கலீல், அந்த மெய்களை எத்தனை விதமாக மாற்றி அடுக்கலாம் என்று கணக்குப் போட்டு, எந்த அடுக்கு புழக்கத்தில் உண்டு, எது இல்லை என்று பிரித்து அகராதி அமைத்தார். எழுத்து வரிசைகூட நாம் நினைப்பது போல இல்லை. தொண்டையின் ஆழத்தில் பிறக்கும் "ஐன்" என்ற எழுத்தில் தொடங்கி உதடு வரைக்கும் வருகிறது. நூலின் பெயரே "கிதாபுல் ஐன்".

இப்படி வேர்வாரியாக அடுக்கினால் சம்பந்தமே இல்லாதவர்கள் ஒரே முகவரியில் குடியிருப்பார்கள். "த-ம-ர" என்ற வேரைத் திறந்தால், திமிர்ர் என்ற சொல் இருக்கிறது. எப்போது பாயலாம் என்று துடித்துக்கொண்டிருக்கும் வேகக் குதிரை. (நம்ம ஊர்த் திமிருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் அந்தக் குதிரைக்குத் திமிர் இருந்திருக்கத்தான் வேண்டும்.) அதே வேரில், அதே பக்கத்தில், திம்ர், கந்தல் துணி.

தற்செயல் என்று விட்டுவிடலாம். ஆனால் தொடர்ந்து பாருங்கள். "ஜ-ர-த": உரிப்பது, மொட்டையாக்குவது. ஜர்த், மேற்பூ போன துணி. அஜ்ரத், மயிர் குட்டையான குதிரை. அது நல்ல ஓட்டக் குதிரையின் அடையாளம், முந்தி ஓடும் குதிரைக்கும் அந்தப் பெயர். பயிரை மொட்டையடிக்கும் வெட்டுக்கிளி ஜராத் என்பதும் இதே குடும்பம். "ஸ-ஹ-க": தேய்ப்பது, அரைப்பது. ஸஹ்க் என்றால் தேய்ந்த துணி, ஸஹ்க் என்றால் ஒருவகை ஓட்டமும்கூட. "ம-ஸ-க": கிழிப்பது. மிஸ்கா என்றால் துணியிலிருந்து கிழிந்த துண்டு. மிஸாக் என்றால் வேகமான பெண் ஒட்டகம். ஏன்? அகராதியே காரணம் சொல்கிறது: அது ஓடுகிற ஓட்டத்தில் தோலே கிழிந்து உடம்பை விட்டுப் போய்விடும் போலிருக்குமாம்.

இந்த விளக்கத்தைப் படித்ததும் மற்ற மூன்றும் எனக்குக் கொஞ்சம் புரிந்த மாதிரி இருந்தது. வேகம் தேய்க்கும், உரிக்கும், கிழிக்கும். காலமும் துணிக்கு அதைத்தான் செய்கிறது. எல்லா வேரையும் இப்படி முடிச்சுப் போட முடியாது என்பதும் உண்மை. ரய் நகரத்து இப்னு ஃபாரிஸ் (இறப்பு 1004) ஒவ்வொரு வேருக்கும் ஓரிரு மூலப்பொருள் கண்டுபிடிக்க ஒரு அகராதியே எழுதினார். அவரே ஒத்துவராத சொற்களை "இது மூலத்திலிருந்து விலகியது" என்று ஒதுக்கி வைத்திருக்கிறார். முடிச்சு விழாத இடத்தில் முடிச்சுப் போடாத நேர்மை அது.

சரி, குதிரைக்கு இத்தனை சொல் வந்தது புரிகிறது. கந்தலுக்கு ஏன்?

பாலைவனத்தின் உட்பகுதியில் நல்ல துணி என்பது வெளியூர்ச் சரக்கு. யமனிலிருந்து கோடுபோட்ட மேலாடைகள், எகிப்திலிருந்து லினன். ஒட்டக வரிசையில் வந்து சேர வேண்டும். வாங்கினால் கடைசி இழை வரைக்கும் உடுத்த வேண்டியதுதான். புதுத் துணிக்கு வாழ்வு சில மாதம், கந்தலுக்கு வாழ்வு பல வருடம். எதோடு அதிக நாள் வாழ்கிறோமோ அதற்குத்தானே சொல் சேரும்?

கந்தலும் வேகமும் ஒரே ஆளிடம் சேர்ந்த கதையும் உண்டு. இஸ்லாத்துக்கு முந்தைய அரேபியாவில் ஸுஅலூக் என்று ஒரு கூட்டம் இருந்தது. குலத்திலிருந்து விலக்கப்பட்டவர்கள், கையில் காசில்லாதவர்கள், வழிப்பறி செய்து வாழ்ந்தவர்கள், அதோடு கவிஞர்கள். ஷன்ஃபரா, தஅப்பத ஷர்ரன், ஸுலைக் போன்றவர்கள் குதிரையையும் மிஞ்சி ஓடுவார்கள் என்று பெயர். "ஷன்ஃபராவைவிட வேகமாக ஓடுபவன்" என்பது அரபியில் பழமொழியே ஆகிவிட்டது. ஓட்டக் குதிரை வாங்க வழியில்லாத கந்தல்காரனுக்குக் கால்தான் குதிரை. அவர்கள் பாடியதைத்தான் பிற்காலத்து அகராதிக்காரர்கள் சொல்லுக்குச் சாட்சியாக எடுத்துப் போட்டார்கள். அதே போல, திம்ர் என்ற சொல்லுக்கு அகராதிகள் காட்டும் சாட்சிகளில் ஒரு ஹதீஸ் இருக்கிறது. தலை கலைந்து, இரண்டு கந்தல்களை உடுத்தி, யாரும் திரும்பிப் பார்க்காத ஒருவர் இறைவன் மேல் ஆணையிட்டால் இறைவன் அதை நிறைவேற்றுவான் என்பது அதன் சாரம்.

நான் சொல்ல வந்த விஷயம் இங்கேதான் இருக்கிறது. இந்தச் சொற்களைத் தொகுத்தவர்கள் நகரத்து அறிஞர்கள். ஆனால் சொல்லுக்குச் சொந்தக்காரர்கள், அதாவது "இது சரி, இது தப்பு" என்று சொல்லும் உரிமை உள்ளவர்கள், கந்தல் உடுத்திய நாடோடிகள்.

பஸ்ராவுக்கு வெளியே மிர்பத் என்று ஒட்டகச் சந்தை இருந்தது. பாலைவனத்து மக்கள் கால்நடை விற்க வருவார்கள். எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளில் அறிஞர்கள் அங்கே போய் அவர்களைப் பேசவிட்டுக் குறிப்பெடுத்தார்கள். கூஃபாவின் கிஸாயீ (இறப்பு 805) பாலைவனத்துக்கே போய், கேட்டதை எழுதிப் பதினைந்து புட்டி மையைத் தீர்த்தார் என்பார்கள். ஹெராத்தைச் சேர்ந்த அல்அஸ்ஹரீக்கு விதி வேறு மாதிரி உதவியது. ஹஜ்ஜுக்குப் போன பயணக் கூட்டத்தை 924-இல் கராமிதா என்ற கலகக் குழுவினர் தாக்கியபோது அவர் சிறைப்பட்டார். பாலைவன நாடோடிகளின் கையில் கைதியாக, மழையைத் தேடி அவர்கள் அலைந்த இடமெல்லாம் அலைந்தார். அப்போது காதில் விழுந்ததெல்லாம் பிறகு "தஹ்தீபுல் லுகா" என்ற பேரகராதியில் வந்து சேர்ந்தது.

எதிர்த்திசையில் வந்தவர்களும் உண்டு. கலீஃபா மஹ்தீயின் காலத்தில் (775-785) ஊரில் பஞ்சம் வந்து பாக்தாத் வந்து சேர்ந்த நாடோடி அபூ ஸியாத் அல்கிலாபீ. நாற்பது வருடம் பாக்தாதிலேயே இருந்தார், ஒட்டகத்தைப் பற்றிப் புத்தகம் எழுதினார் என்று இப்னுன் நதீம் 987-இல் தொகுத்த "ஃபிஹ்ரிஸ்த்" சொல்கிறது. பஞ்சத்தில் ஒட்டகம் போனாலும் ஒட்டகச் சொல் கையில் இருந்தது. அது அவரைக் காப்பாற்றியது. ஊரை விட்டுப் பிழைக்க வந்த யாருக்கும் அபூ ஸியாத் அந்நியமாகத் தோன்ற மாட்டார்.

இந்த அதிகாரம் எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு வழக்கு. பாரசீகத்திலிருந்து வந்து பஸ்ராவில் படித்த ஸீபவைஹி, பாக்தாதில் பர்மகி அமைச்சர் யஹ்யாவின் முன்னால் கிஸாயீயோடு வாதம் செய்தார். தேளையும் குளவியையும் வைத்து ஒரு வாக்கியம். அதன் கடைசிச் சொல்லுக்கு எந்த வேற்றுமை உருவம் வரும் என்பது கேள்வி. இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. யார் தீர்ப்பு சொல்வது? வாசலில் நின்ற நாடோடிகளைக் கூப்பிட்டார்கள். அமைச்சர் இருக்கிறார், இளவரசர்களின் ஆசிரியர் இருக்கிறார், ஆனால் தீர்ப்பு வாசலில் நிற்பவர்கள் கையில். அவர்கள் கிஸாயீ பக்கம் சொன்னார்கள். காசு வாங்கிக்கொண்டு சொன்னார்கள் என்று அப்போதே பேச்சு எழுந்தது. மனம் உடைந்த ஸீபவைஹி பாரசீகத்துக்குத் திரும்பிப் போய் இளம் வயதிலேயே இறந்தார். அவர் விட்டுப்போன நூல்தான் இன்றைக்கும் அரபி இலக்கணத்தின் அடித்தளம். கந்தல்காரரின் சாட்சிக்கு விலை இருந்ததால்தானே அதை வாங்க வேண்டியிருந்தது!

புத்தகப் படிப்பு மட்டும் போதாது என்பதற்கு இன்னொரு கதை, இது அஸ்மயீ (இறப்பு 828) தானே சொன்னது. அவரும் அபூ உபைதாவும் அமைச்சர் ஃபழ்ல் இப்னு ரபீஉ முன்னால் இருந்தார்கள். இருவருமே குதிரையைப் பற்றி நூல் எழுதியவர்கள். அபூ உபைதாவின் நூல் ஐம்பது பாகம், அஸ்மயீயின் நூல் ஒரே பாகம். அமைச்சர் ஒரு குதிரையைக் கொண்டுவரச் சொல்லி, "ஒவ்வோர் உறுப்பாகத் தொட்டுப் பெயர் சொல்லுங்கள்" என்றார். "நான் மாட்டு வைத்தியன் இல்லை, கேட்டதை எழுதினேன்" என்று நழுவினார் அபூ உபைதா. அஸ்மயீ எழுந்து குதிரையின் நெற்றி மயிரைப் பிடித்தார். தலையிலிருந்து குளம்பு வரைக்கும் தொட்டுத் தொட்டுப் பெயர் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் பாட்டையும் சொன்னார். குதிரை அவருக்கே பரிசு. அபூ உபைதாவை வெறுப்பேற்ற நினைக்கும்போதெல்லாம் அந்தக் குதிரை மேல் ஏறித்தான் அவர் வீட்டுக்குப் போவாராம் :-)

நாளாக ஆக, நாடோடிகளும் நகரங்களில் கலந்தார்கள், பேச்சு மாறியது. கேட்டு எழுத ஆளில்லை என்ற நிலை வந்தபோது, எழுதியதையெல்லாம் ஒன்றாகச் சேர்க்கும் வேலை தொடங்கியது. கெய்ரோவில் இப்னு மன்ஸூர் ஐந்து பழைய நூல்களைச் சேர்த்து 1290-இல் "லிஸானுல் அரப்" என்ற பேரகராதியை முடித்தார். முன்னுரையில், வேற்றுமொழி பேசுவதில் மக்கள் பெருமைப்படும் காலத்தில் இதைத் தொகுத்ததாகவும், சுற்றியிருந்தவர்கள் கேலி செய்ய நூஹ் நபி கப்பல் கட்டியதைப் போலக் கட்டியதாகவும் எழுதுகிறார். வெள்ளம் வருகிறது என்று தெரிந்து கட்டிய கப்பல். அதில் திமிர்ரும் ஏறியது, திம்ரும் ஏறியது.

கப்பலைக் கட்டிய தச்சர்களைக் கவனித்தீர்களா? ஸஆலிபீ நிஷாப்பூர், அஸ்ஹரீ ஹெராத், ஸீபவைஹி பாரசீகம். "அல்காமூஸ்" என்ற புகழ்பெற்ற அகராதியை எழுதிய ஃபைரோஸாபாதீயும் (1329-1415) பாரசீகத்தில் பிறந்தவர். காமூஸ் என்றால் பெருங்கடல். அந்த நூலின் புகழால் அரபியில் அகராதிக்கே காமூஸ் என்று பெயராகிவிட்டது. அந்தக் காமூஸ் 1817-இல் நம் கல்கத்தாவில் அச்சாகியிருக்கிறது.

நம் பக்கத்து ஆட்கள் இன்னும் நெருக்கமாகவே இருக்கிறார்கள். லாகூரில் 1181-இல் பிறந்த ஸாகானீ பாக்தாத் போய்ப் பெரிய அகராதிக்காரர் ஆனார். கலீஃபாவின் தூதராக டெல்லி சுல்தான் இல்துத்மிஷின் அரசவைக்கும் வந்தார். அவர் எழுதத் தொடங்கிய பேரகராதி முடியவில்லை. 1252-இல் அவர் இறந்தபோது வந்து நின்ற வேர் "ப-க-ம", ஊமையாதல். இத்தனை கல்வி கற்றவர் கடைசியில் ஊமை என்ற சொல்லில் போய் நின்றாரே என்று அக்காலத்தவர் பாட்டே கட்டிவிட்டார்கள்.

பிறகு பில்கிராம். லக்னோவிலிருந்து நூறு கிலோமீட்டர் சொச்சத்தில், ஹர்தோய் மாவட்டத்தில் உள்ள ஊர். சரித்திரப் புத்தகத்தில் ஹுமாயூன் 1540-இல் ஷேர் ஷாவிடம் தோற்ற இடமாக வரும். அங்கே 1732-இல் பிறந்த முர்தளா, டெல்லியில் ஷா வலியுல்லாவிடம் பாடம் கேட்டு, யமன் போய் ஸபீத் நகரத்தில் படித்து, அந்த ஊர்ப் பெயராலேயே ஸபீதீ ஆனார். 1753-இல் கெய்ரோ. அங்கே காமூஸுக்கு உரையாக "தாஜுல் அரூஸ்" என்ற அகராதியை எழுதி 1774-இல் முடித்தார். தலைப்புக்கு மணப்பெண்ணின் கிரீடம் என்று பொருள். பழைய அரபி அகராதிகளிலேயே பெரியவற்றில் ஒன்று அது. அவர் 1791-இல் கெய்ரோவில் பிளேக் நோயில் இறந்தார். ஸபீதீ என்ற பெயரைப் பார்த்து அவரை யமன்காரர் என்றே பலர் நினைக்கிறார்கள்.

எட்வர்ட் லேன் என்ற ஆங்கிலேயர் 1842 முதல் 1849 வரை கெய்ரோவில் தங்கி, ஷேக் இப்ராஹீம் தஸூக்கீயின் துணையோடு தாஜுல் அரூஸை வரிவரியாகப் படித்தார். 1863-இல் அவருடைய அரபி-ஆங்கில அகராதியின் முதல் பாகம் வெளிவந்தது. காஃப் எழுத்தில் இருக்கும்போது 1876-இல் இறந்தார். மீதியை உறவினர் ஸ்டான்லி லேன்-பூல் 1893-இல் எட்டாம் பாகத்தோடு முடித்து வைத்தார். இன்று ஆங்கிலத்தின் வழியாகப் பழைய அரபியைத் தேடும் எவரும் லேனிடம்தான் போகிறார்கள். லேனைத் திறப்பவர், தெரிந்தோ தெரியாமலோ, பில்கிராம்காரர் தொகுத்ததைப் படிக்கிறார்.

சொற்கள் என்ன ஆயின? ஜமூமும் மிஸாக்கும் பெரும்பாலும் அகராதிக்குள்ளேயே தங்கிவிட்டன. குதிரைச் சொற்கள்தான் முதலில் போயின. கந்தல் சொற்கள் சில இன்னும் தெருவில் நடமாடுகின்றன. இற்ற உடைக்கான ஹித்மின் குடும்பத்தைச் சேர்ந்த ஹுதூம் என்ற சொல்லுக்கு, கெய்ரோவில் இன்று சாதாரணமாக "துணிமணி" என்றுதான் பொருள். துணியில் போடும் ஒட்டுக்கு ருக்ஆ என்று பெயர். அதுவே துண்டுக் காகிதமாகி, கடிதமாகி, ருக்காவாகி, இன்றும் வட இந்தியப் போலீஸ் நிலையங்களில் எழுதப்படுகிறது. கந்தல் துண்டு என்று பொருள்படும் கிர்கா, சூஃபி குரு சீடருக்குப் போர்த்தும் அங்கியாகிப் பெரிய மரியாதை பெற்றுவிட்டது.

அடுத்த தடவை யாராவது "அரபியில் ஒட்டகத்துக்கு ஆயிரம் சொல்" என்று ஆரம்பித்தால், எண்ணிக்கையை விட்டுத்தள்ளுங்கள். அந்தச் சொல்லை மிர்பத் சந்தையில் முதலில் சொன்னவர் என்ன உடுத்தியிருந்தார் என்று கேட்டுப் பாருங்கள். அதற்கும் அகராதியில் சரியான சொல் இருக்கும்.